வீடு வேண்டி ஒரு விண்ணப்பம்

1.
இக்கதை என் கைப்பிழையில் பிறந்தது. ஆலயப் பாடற்குழுவுக்குப் பதினாறு ஆண்டுகளாகப் பாட்டெழுதுபவன் நான். பிழையை ஒப்புக்கொள்வதினும் அதைக் கதையாக்குவது எனக்கு எளிது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

உலகப் பொருள்களில் பற்றேயில்லாத தையற்காரி ஒருத்தி...

அடித்துவிட்டேன். அவள் என் அக்கா. கணவர் இறந்தபின் என் வீட்டுப் பின்னறையில் தையல் இயந்திரத்தோடு வாழ்பவள். அவளுடைய துணிக் கத்தரியால் காகிதம் வெட்டிப் பாருங்கள், பற்று தெரியும்.

2.
ஆலயத்து நவநாள் மன்றாட்டுப் பெட்டியில் போட ஒரு வேண்டுதல் சீட்டு எழுதித் தரச் சொன்னாள்.

"என்னக்கா கேக்கணும்?"

"எனக்கு வீடு கிடைக்கணும்னு எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்."

'கைம்பெண்ணாகிய இவளுக்குக் காற்றோட்டமுள்ள தனி வீடொன்று அருள்வீராக' என்றெழுதினேன். (காற்றோட்டம் என் சொந்தச் சரக்கு.) நவநாள் பூசையில் பங்குத்தந்தை அதை உரக்க வாசித்தார். முன்வரிசையிலிருந்த மரக்கடைக்காரர் மனமிரங்கினார். மறுநாள் அவருடைய காலி வீட்டுச் சாவி எங்கள் மேசைக்கு வந்தது, வாடகை வேண்டாமாம்.

3.
அக்கா சாவியைத் தொடவில்லை.

"நான் எப்படா தனி வீடு கேட்டேன்?"

"நீதானேக்கா சொன்னே?"

"உன் பாட்டுல வர்ற வீடுடா. வாராவாரம் பாடுறோமே. மோட்சம்னுதானே அர்த்தம் சொன்னே?"

(அடிக்குறிப்பு: பழந்தமிழில் வீடு என்பது வீடுபேறு. இதை ஒன்பது பேர் வந்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். தூங்காமல் கேட்டவள் அக்கா மட்டுமே.)

"மோட்சத்துல காத்தோட்டம் இல்லாமயா இருக்கும்?" என்றாள்.

4.
புலமையுள்ள நான் ஏன் அப்படி எழுதினேன்? கவனப்பிசகால்... இல்லை, இவ்வாக்கியம் தேறாது. பின்னறையில் என் நூல்களுக்கு நான்கு அலமாரிகள் கொள்ளும் என்று முன்பே அளந்திருந்தேன், அவளுடைய அளவு நாடாவாலேயே.

"பார்த்தேன்டா," என்றாள் அக்கா. "நாடாவைத் தலைகீழாச் சுத்தி வச்சிருந்தே."

குரலில் கோபமில்லை. அதுதான் சிக்கல், கோபமிருந்தால் பதிலுக்குக் கோபித்திருப்பேன்.

"எனக்குப் பூசைக்கு நடந்து போற தூரம், தைக்கக் கொஞ்சம் வெளிச்சம் போதும். மத்ததை ஆண்டவர் நிறைச்சு வச்சிருக்கார். எங்க இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். உனக்குத்தான் இடம் பத்தல. மரக்கடைக்காரருக்குப் பதில் சொல்லணும். போகவா, இருக்கவா?"

"கொஞ்சம் பொறுக்கா," என்று சொல்லி எழுத வந்துவிட்டேன். மூன்று நாளாயிற்று.

5.
முடிவு ஒன்று: அக்கா போகிறாள். அலமாரிகள் வருகின்றன. அவற்றின் நிழலில் அமர்ந்து பற்றின்மை குறித்துப் பத்துப் பாடல்கள் புனைகிறேன்.

முடிவு இரண்டு: அவள் கால்களைப் பற்றிக் கதறுகிறேன். (கதறல் மோனையோடு அமைந்தது; ஆகவே பொய்.)

சொல்ல வேண்டியது 'இரு' என்ற ஒரு சொல். ஓரசை. 'மலர்' வாய்பாடு. ஒரு வெண்பாவையே அதில் முடிக்கலாம். என் வாயைத்தான் அதற்குத் திறக்க முடியவில்லை.

தையல் இயந்திரத்தின் ஓசை நின்றிருக்கிறது. அக்கா என் கதவருகே வந்து நிற்கிறாள். வாசகரே, நான் எழுந்து போய்ச் சொன்னேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால், சொன்னதாகத்தான் எழுதுவேன்.