மாஸ்டர் பக்கத்துப் பெடல்

அந்தக் காலையில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று துக்கம் விசாரிக்க வந்த எல்லாரும் கேட்டார்கள். அவளும் எல்லாருக்கும் ஒரே வரிசையில் சொன்னாள். டிரைவர் சீட்டில் அவள் கணவர், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் பெடலில். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து, மல்லாந்து, கையில் ஸ்பேனரோடு அவள். போர்ட்டிகோ நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் தட்டை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டு அவருடைய அக்கா. வாசற்படியில், கைப்பையைக் கட்டிக்கொண்டு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் தையல்காரி. தையல்காரிக்கு அன்று வகுப்பு கிடையாது. வண்டியே ஓடாதபோது வகுப்பேது? அவள் எதற்காக வந்து உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் அந்த வரிசையில் ஒட்டாமல் நின்றது. அதை யாரும் கேட்கவில்லை.

"அமுக்குங்க" என்றாள் அவள் அடியிலிருந்து.

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க."

"பிடிச்சுத்தான் இருக்கேன். உன் கையைப் பிடிச்ச நாள்லேர்ந்து எதை விட்டேன்?"

படியிலிருந்து தையல்காரி களுக்கென்று சிரித்தாள். அக்கா, "அடிக்கடி மூச்சு வாங்கறான், இதுல பேச்சு வேற" என்று பூண்டிடம் சொன்னாள்.

கிளட்ச் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் இப்படித்தான் எடுக்க வேண்டும். ஒருவர் மேலே பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே சிலிண்டரின் நிப்பிளைக் கால் திருகு தளர்த்தி, குமிழோடு ஆயில் வெளியே வந்ததும் இறுக்க வேண்டும். அதற்கு முன் மேலே இருப்பவர் காலை எடுத்தால், வந்த காற்று வந்த வழியே உள்ளே போய்விடும். புருஷன் பெண்டாட்டிக்கு ஏற்ற வேலை என்பார் அவர். ஒருத்தர் சொல்லாமல் இன்னொருத்தர் அசையக் கூடாது.

ஊருக்கு அவர் மாஸ்டர், அவள் மாஸ்டரம்மா. ஒற்றைக் காரை வைத்து இருவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. மாணவர் பயந்துபோய்க் கையைக் காலை உதறினால் மாஸ்டர் பக்கத்துப் பெடல்தான் எல்லார் உயிரையும் காப்பாற்றும். அவருடைய இதயம் பலவீனப்பட்டு, கால் இரண்டும் வீங்கத் தொடங்கியதும், டாக்டர் வகுப்பு எடுக்கவே கூடாது என்றுவிட்டார். அன்று முதல் அந்த சீட்டில் அவள்.

புதிதாகக் கற்பவர்களின் கால் கிளட்சைத் தின்றே தீர்க்கும். இந்த முறை பட்டறையில் கொடுத்து, தட்டு, பேரிங், கீழ் சிலிண்டர் என்று மொத்தமாக மாற்றினார்கள். வந்த புதிதில் வண்டி குதிரையாக ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் பெடல் பஞ்சாகிவிட்டது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கும் சத்தம். பட்டறைக்காரர் இரண்டு தடவை காற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேல் சிலிண்டரையும் மாத்திடலாம்மா" என்று சொல்லித் தன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இவர்களே இறங்கினார்கள்.

"உக்காந்து காலை ஆட்டறது வகுப்பா என்ன? டாக்டர் வேணாம்னது வகுப்பைத்தானே" என்று சொல்லி அவர்தான் முதலில் போய் ஏறி உட்கார்ந்தார்.

வெகு நேரம் எடுத்தார்கள். குமிழ் நின்று தெளிந்த ஆயிலே வந்தது. ஆனாலும் பெடல் பஞ்சுதான்.

"ஏய்" என்றார் அவர் திடீரென்று. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"முதல்ல அமுக்குங்க. அப்புறம் சொல்லலாம்."

"அமுக்கிட்டேன்."

அவள் தளர்த்தினாள், இறுக்கினாள். "விடுங்க" என்றாள். பெடலை விட்டால் உள்ளே போக வேண்டிய சிலிண்டரின் தண்டு திரும்பிப் போகவில்லை.

"விடுங்கன்னா."

தண்டு அங்கேயே நின்றது. அவள் முகத்துக்கு நேர் மேலே, ஆயில் மினுங்க, வெளியே நீட்டிக்கொண்டு. அவள் அதையே பார்த்தபடி இன்னொரு முறையும் சொன்னாள். பிறகுதான் படியிலிருந்து தையல்காரி "மாஸ்டர்" என்று எழுந்த சத்தமும், தட்டு தரையில் விழுந்த சத்தமும் கேட்டன.

*

"தூங்கற மாதிரிதான் போயிருக்கார்" என்றார் டாக்டர். "கட்டில்ல படுத்திருந்தாலும் அதே நிமிஷம் நின்னிருக்கும். நீங்க வேலை வாங்கினதால ஒண்ணும் இல்ல."

"வலி இருந்திருக்குமா?"

அவர் உண்மை பேசுகிற மனிதர். "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்த ஒரு பதில் அவளுக்குள் முள்ளாக நின்றது. போன வருஷம் மாஸ்டர் ஒரு வகுப்பு முழுக்க நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு, மாணவனை வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் அவளிடம் சொன்னார். அன்று அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. 'இனிமே வலிச்சா அந்த நிமிஷமே சொல்லணும்' என்று சத்தியம் வாங்கியிருந்தாள். 'ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது' என்றாரே. வலியைத் தவிர வேறு எதைச் சொல்ல வந்திருப்பார்? சொல்ல வந்தவரை, முதலில் அமுக்குங்கள் என்றவள் அவள்.

அக்கா வேறு, வருகிறவர்களிடமெல்லாம் மூக்கைச் சிந்தினாள். "பெத்த பிள்ளை கப்பல்ல, கட்டினவ காருக்கு அடியில. என் தம்பி போறப்ப அவன் முகத்தைப் பார்க்க ஒருத்தர் இல்ல."

அவள் நகத்திடுக்கில் இருந்த ஆயில் கறையைச் சுரண்டினாள்.

மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கம்பெனி ஆபீஸ் மூலம் சேதி போய், ஆபீஸ் மூலமே பதில் வந்தது. நடுக்கடலிலிருந்து வர வழியில்லை. அடுத்த துறைமுகத்து ஆபீஸுக்குக் கடிதம் போட்டால் கையில் கிடைக்கும். "எல்லாத்தையும் விவரமா எழுதும்மா. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கட்டாயம் எழுது."

ஆட்கள் வரத்துக் குறைந்ததும் அவள் எழுத உட்கார்ந்தாள். தேதி போட்டு, நலம் விசாரித்து, யார் எங்கே இருந்தார்கள் என்று வரிசையாக எழுதினாள். வந்தவர்கள் பெயரெல்லாம் விடாமல் எழுதினாள். 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றார்' என்பது வரை வந்ததும் பேனா படுத்துவிட்டது. தாளை மடித்துப் போனுக்கு அடியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

வாசலில் வண்டி நாலு பேர் தள்ளிவிட்ட கோலத்தில் சுவரோரம் கோணலாக நின்றது.

"அதைக் கண்டாலே வயிறு எரியுது. வித்துத் தொலை" என்றாள் அக்கா.

"ஓடாத வண்டியை யாரு வாங்குவா, அண்ணி?" என்று சொல்லிவிட்டு, அவள் ஆயில் பாட்டிலோடு எழுந்தாள். வேலையைப் பாதியில் விட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பெடல் அமுக்க ஆள் வேண்டுமே என்று நிற்கும்போது தையல்காரி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். காரியம் முடிந்த பிறகு அவள் வருவது இதுதான் முதல் தடவை. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. "நான் அமுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரி டிரைவர் சீட்டில் ஏறினாள்.

இந்த முறை மாஸ்டரம்மா அடியில் போகவில்லை. பானெட்டைத் தூக்கி, எஞ்சினோரம் இருக்கும் கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"அமுக்குங்க. ம். விடுங்க."

ஆயில் அசையவில்லை. பெடல் முழுதாக மேலே வந்தால்தான் டப்பாவிலிருந்து மேல் சிலிண்டருக்குள் போகும் துளை திறக்கும். அப்போது ஆயில் லேசாகக் கலங்கும். இங்கே தெப்பக்குளம் மாதிரிக் கிடந்தது.

"முழுசா விட்டீங்களா?"

"காலையே எடுத்துட்டேன், மாஸ்டரம்மா."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். கிளட்ச் பெடல் பிரேக்கை விட ஒரு விரல் தாழ்ந்தே நின்றது. ஏதோ அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிக்கொண்டு மாஸ்டர் பக்கம் போய், கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்தாள். இரண்டு பக்கத்துக் கிளட்ச் பெடலையும் இணைக்கிற கம்பியின் முனையில் ஒரு நட்டு. கம்பியெல்லாம் கறுத்துக் கிடக்க, நட்டுக்கு வெளியே இரண்டு சுற்று மரை மட்டும் பளபளவென்று புதிதாகத் தெரிந்தது. பட்டறைக்கு வரும் வேறு எந்த வண்டிக்கும் இரண்டாவது பெடல் கிடையாது. அவர்கள் கண் இந்தப் பக்கம் போயிருக்காது, கையும் போயிருக்காது.

"இதை யாரு இறுக்கினது?" என்று தனக்குத்தானே கேட்டாள்.

டிரைவர் சீட்டிலிருந்து விசும்பல் வந்தது.

"நான்தான் டார்ச் பிடிச்சேன்" என்றாள் தையல்காரி.

அவள் தலையை வெளியே எடுத்தாள்.

"நீங்க லைசென்ஸ் ஆபீஸ் போற நாள்ல பின்தெருவுல ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாரு. நான் கேக்கல, மாஸ்டரம்மா, சத்தியமா. அவராத்தான், 'வாங்க, அவ வர்றதுக்குள்ள ரிவர்ஸ் பழகிடலாம்'னாரு. 'புது கிளட்ச் கெட்டியா இருக்கு, வீங்கின என் காலுக்கு அடங்கல'ன்னு அந்த நட்டை ரெண்டு சுத்து இறுக்கினாரு. அதுக்கப்புறம் அவர் காலை வெச்சாலே பிடிச்சிடுச்சு. சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டாரு."

"வகுப்பு எடுத்தாரா?"

"ஏழெட்டு தடவை இருக்கும்."

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மிச்சத்தையும் சொன்னாள். "அன்னைக்குக் காலையில போன் பண்ணினாரு. 'வண்டி கெட்டதுக்கு நம்ம நட்டுதான் காரணமோன்னு சந்தேகமா இருக்கு, இன்னைக்கு ஒத்துக்கப் போறேன்'னாரு. 'நீங்க வந்து படியில உக்காந்துக்குங்க. வெளியாள் இருந்தா அவ சத்தம் போட மாட்டா'ன்னாரு. அதுக்குத்தான் வந்தேன். நீங்க அடியில இருக்கீங்க, நான் படியிலேர்ந்து அவருக்குக் கண்ணைக் காட்டறேன், சொல்லுங்க சொல்லுங்கன்னு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சாரா, நீங்க அப்புறம்னீங்களா, உடனே என்னைப் பார்த்து 'தப்பிச்சேன்'ங்கற மாதிரி கண்ணடிச்சாரு. சிரிச்சாரு. அப்படியே சீட்டுல சாஞ்சுக்கிட்டாரு. விளையாடறார்னுதான் நெனச்சேன்."

"சிரிச்சாரா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்."

"வலிக்கற மாதிரி—"

"இல்லவே இல்ல. மாட்டிக்காத திருடன் முகம்."

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தையல்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாத சிரிப்பு. "ரெண்டு சுத்து நட்டு" என்றாள். "ரெண்டு சுத்து நட்டுக்கு ஆள் வெச்சாரா!"

சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா, விஷயம் முழுவதையும் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எல்லாம் பழைய புத்தி" என்றாள். "சின்னதுல கண்ணாடியை உடைச்சாலும் சரி, காசைத் தொலைச்சாலும் சரி, அப்பாகிட்ட ஒத்துக்கறப்ப என்னைப் பக்கத்துல நிக்க வெச்சுப்பான். 'அக்கா, நீ சும்மா நில்லு போதும்'பான்." சற்று நேரம் தன் கையைப் பார்த்தாள். பிறகு தையல்காரியிடம், "சிரிச்சானா?" என்று கேட்டாள். "சொல்லும்மா, இன்னொரு தடவை சொல்லு."

தையல்காரி அக்காவுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். இவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் குனிந்து, நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். அந்தப் பக்கம் கிளட்ச் பெடல் டக்கென்று எழுந்து பிரேக்குக்குச் சமமாக நின்றது. பானெட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஆயில் டப்பாவுக்குள் ஒரு குமிழ் ஏறி வந்து உடைந்தது. பின்னாலேயே சின்னதாக இன்னும் இரண்டு.

அக்காவே ஒருமுறை ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு" என்றாள், காலை எடுக்காமல்.

அன்று சாயங்காலம் அவள் போனுக்கு அடியிலிருந்த தாளை எடுத்தாள். நின்றுபோன வரிக்குக் கீழே எழுத வேண்டியதெல்லாம் அரைப் பக்கத்துக்குள் முடிந்தது. இடையில் ஒரு முறை பேனாவை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். உள்ளேயிருந்து அக்கா, "நான் பக்கத்துல நின்னதையும் எழுது" என்றாள். அதையும் சேர்த்து, மடித்து, உறையில் போட்டு, ஓரத்தைப் பசை தடவி விரலால் நீவி ஒட்டினாள்.

தபால் பெட்டி வரை தையல்காரி ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தவள், பெடல் மீது காலை ஊன்றாமல் லேசாக வைத்திருந்தாள். அவர் எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார். கிளட்ச் தேயும் என்று அவள்தான் திட்டுவாள். பெட்டியைத் தாண்டி வண்டி கொஞ்சம் முன்னே போய்விட்டது.

"ரிவர்ஸ் போடுங்க" என்றாள்.

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி மெல்லப் பின்னால் வந்து பெட்டிக்கு நேராக நின்றது. அவள் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, உறையை உள்ளே தள்ளினாள். அது அடியில் போய் விழுகிற சத்தம் வரை காத்திருந்தாள்.

"போலாமா, மாஸ்டரம்மா?"

"ம்" என்றாள். பிறகு பெடலிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள்.