பெட்டி பிரிக்காத பொம்மைகள்

பழைய பொருளுக்கு விலை சொல்வதுதான் என் பிழைப்பு. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவேன். கடைத்தெருவில் எனக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். அப்படிப்பட்ட நான், சொந்த அண்ணனுடைய பீங்கான் பொம்மைகளுக்கு விலை சொல்வதை மட்டும் பல வருஷமாகத் தட்டிக்கழித்து வந்தேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் மாதாமாதம் தபாலில் ஒரு பொம்மை வரும். குடை பிடித்த பெண், வாத்து மேய்க்கும் பெண், ஊஞ்சலாடும் பெண். கூடவே ஒரு சான்றிதழ்: குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே இது சூளையில் சுடப்படும், பிறகு கிடையாது. 'பெட்டியைப் பிரித்தால் விலை பாதியாகிவிடும்' என்று எவனோ சொன்னதை அண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒட்டிய டேப்கூடக் கிழியாமல் படுக்கையறையில் கூரை முட்ட அடுக்கினான். கேட்டால், "எல்லாம் என் பொண்ணுக்குத்தான்" என்பான்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும்போது, உள்ளே இருப்பதன் முகத்தைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெட்டியின் டேப்பை நகத்தால் சுரண்டினாள். அண்ணன் விட்ட அறையில் உதடு கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு பென்சில்கூடக் கேட்டதில்லை. எது வேண்டுமானாலும் அண்ணியிடம் கேட்பாள், இல்லாவிட்டால் என்னிடம்.

இப்போது சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். அண்ணி அங்கே தரை கழுவப் போயிருந்தாள். சாமான் கட்ட மகள் லீவு போட்டு வந்திருந்தாள். அண்ணன் என்னை வாசலிலேயே மடக்கினான்.

"விலையை அவ எதிர்ல சொல்லு. நல்லா சத்தமா சொல்லு."

"எதுக்குண்ணா?"

"அன்னிக்கு நான் கை நீட்டினது சும்மா இல்லன்னு அவளுக்குத் தெரியணும்ல?"

ஒரு அறைக்கு நியாயம் தேடி என்னைக் கூப்பிட்டிருக்கிறான், பாவி.

முதல் பெட்டியைப் பிரித்தேன். பொம்மையைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு காற்றுப்படாமல் கிடந்து இளகி, மஞ்சள் பிசினாக முகத்தில் அப்பியிருந்தது. ஈரப்பஞ்சால் லேசாகத் துடைத்தேன். பிசினோடு சேர்ந்து, வண்ணத்தில் தீட்டியிருந்த கண்ணும் வாயும் வந்துவிட்டன. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"வெளியில வச்சிருந்தா பளிச்சுன்னு இருந்திருக்கும்," என்றேன்.

"சரி, நல்லா இருந்தா என்ன விலை போகும்? அதைச் சொல்லு." அண்ணன் விடவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் பக்கத்திலேயே நின்று அந்த மஞ்சள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்தாலும் தேறாதுண்ணா. சில நாள்தான் சுடுவோம்னு சொல்லிட்டு, அந்த நாள்லயே கம்பெனிக்காரன் மலை மாதிரி சுட்டுத் தள்ளிட்டான். வாங்கினவங்க எல்லாரும் உன்ன மாதிரியே பொத்திப் பொத்தி வச்சாங்க. நாலு வீட்ல குழந்தைங்க விளையாடி உடைச்சிருந்தாலாவது மிச்சத்துக்கு ஒரு விலை வந்திருக்கும். இதெல்லாம் சேர்த்து வித்தா உன் சாமான் ஏத்தற வண்டி வாடகைக்குக் காணும். அதுவும் ஆள் கிடைச்சா."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான். கட்டின மனைவியிடம்கூட ஒரு நாளும் இறங்கிப் பேசாதவன், மகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"தப்புப் பண்ணிட்டேன்மா."

"பரவாயில்லப்பா. நீங்க வருத்தப்படாதீங்க," என்றாள். வழி தெரியாமல் நிற்கும் யாரோ ஒரு பெரியவரிடம் பேசுவதுபோல அத்தனை மரியாதையாக இருந்தது அது. திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

சும்மா நிற்க முடியாமல் இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். பூனையை அணைத்த சிறுமி. எப்படியோ ஸ்பாஞ்சு விலகி முகம் மட்டும் சுத்தமாக இருந்தது. கன்னத்தில் இளஞ்சிவப்பு, லேசான சிரிப்பு. மகள் தன்னையறியாமல் கிட்டே வந்தாள். கையை உடையில் துடைத்துக்கொண்டு நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள். காதோரம் நரைத்த பெண்.

"தொட்டுப் பாக்கலாமாப்பா?"

குத்திக்காட்டவில்லை, சத்தியமாக இல்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்க வந்தது.

அண்ணன் வாயைத் திறந்தான். பதில் வராததைப் பார்த்து அவள், "சரிப்பா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.