தலையணை உறையாகாத துணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே, அண்ணியை ஒரு கொலைகாரியாக்கிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில்தான். அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

"ஆக்கிக்கோ தம்பி. ஆனா கொலை நாலாம் பக்கத்துக்குள்ள வந்துடணும். அதுக்கு மேல இழுத்தா நான் கேக்க மாட்டேன்" என்றார்.

அண்ணி சொன்னால் விஷயம் இருக்கும். புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று எங்கள் ஊரில் இருந்த காலத்தில், அங்கே இருந்த துப்பறியும் நாவல்கள் அத்தனையையும் படித்துத் தீர்த்தவர். கால் தையல் மெஷினில், கண் நாவலில். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் அப்படியே முடிவையும் கேட்டுக்கொண்டு போனார்கள். (கடைக்காரர் ஒருநாள் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போட்டார்: "நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டா, எங்கிட்ட யாரும்மா புக்கு எடுப்பா?")

இப்போது அந்தக் கடையும் இல்லை, அந்தச் சண்டையும் இல்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அண்ணி கீழே இருக்கிறார், நான் மாடியில். காலையில் எழுதுவதைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது வாசித்துக் காட்டுகிறேன். அண்ணி யாருடைய சட்டைக்காவது பொத்தான் தைத்தபடி கேட்கிறார்.

கதை என் அண்ணனைப் பற்றியது. முப்பது வருடங்களுக்கு மேலாக அவன் செத்துப்போனவன். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன், நாலாவது அத்தியாயம் எழுதும் வரை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவிளக்கின் கீழே, தொப்பியை நெற்றிவரை இறக்கிய ஒரு மனிதன்—"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் தொப்பி போட்ட ஒரே மனிதர் தபால்காரர். அவர் மேல் கொலைப்பழி போட எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தியேட்டரில் பழைய வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்கள் போடுவார்கள். வாடகை மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்காது. அண்ணனும் நானும் ஒரு படம் விடமாட்டோம். பேசுவது ஒன்றும் புரியாது. புகை, ஈரத் தெரு, பொய் சொல்லும் அழகான பெண்கள், கடைசியில் ஒரு துப்பாக்கி. "ஒருத்தனும் நல்லவன் இல்லடா, ஆனா என்னமா உடுத்தறானுங்க" என்பான் அண்ணன். வெளியே வந்ததும் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொள்வான். வாயில் ஒரு தீக்குச்சி. கண் கூசும் வெயிலில், படத்தில் வந்தவன் மாதிரியே சுவரோரமாக நடப்பான். அவன் பக்கத்தில் நடக்கும்போது எனக்கும் ஏதோ ரகசியம் இருப்பதுபோல இருக்கும். பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அவற்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. அண்ணனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"நல்ல வெயில். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் குற்றம் நடந்தது."

"இது பரவால்ல" என்றார் அண்ணி. "தூங்கற ஊர்லதான் திருடணும்."

3

நடந்தது இவ்வளவுதான். இதில் கற்பனை எதுவும் இல்லை.

அண்ணன் நகைக்கடையில் விற்பனையாளன். கடையை மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டுவார்கள். அன்று பூட்டியவன் அண்ணன். முதலாளி திரும்பி வந்து திறந்தபோது, உள்ளே இரும்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நகை ஒன்றுகூட இல்லை. அண்ணனையும் காணோம். கூடவே மெக்கானிக்கையும் காணோம்.

மெக்கானிக் என்றால் தையல் மெஷின் மெக்கானிக். கடிகாரம், பூட்டு, எதைக் கொடுத்தாலும் திறந்து மூடத் தெரிந்தவர். ஊருக்கு இது போதாதா? உள்ளே விட்டது ஒருவன், பெட்டியைத் திறந்தது இன்னொருவன் என்று சாயங்காலத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

சில நாள் கழித்துக் கல்குவாரிக் குட்டையில் ஓர் உடல் மிதந்தது. மீன்கள் முகத்தை விட்டுவைக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை மட்டும் முழுசாக இருந்தது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணி சட்டையின் ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாராம். "என் தையல். என் வீட்டுக்காரர்தான்" என்றாராம். என்றாராம், என்றாராம் என்று எழுதுகிறேன். ஏனென்றால் நான் அப்போது வெளியூரில் கல்லூரிக் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

மெக்கானிக் தன் கூட்டாளியைக் கொன்றுவிட்டு நகைகளோடு ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அவரைத் தேடித் தேடியே இன்ஸ்பெக்டருக்குத் தலை நரைத்தது. மெக்கானிக் அகப்படவே இல்லை.

அந்தச் சட்டையை எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடமும் ஒன்று இருந்தது. முதலாளி கொடுத்த துணி அது, மூன்று சட்டைக்குக் காணும். அண்ணனுக்கும் எனக்கும் உடம்பு ஒரே அளவு. அண்ணி அவனை அளந்து எனக்கும் சேர்த்து வெட்டுவார். "ரெட்டையருங்க கெளம்பிட்டாங்க" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். என்னுடையது எப்போதோ நைந்து தரை துடைக்கப் போய்விட்டது.

4

இந்த இடத்தில் ஒரு சிக்கல். கொலைகாரன் மெக்கானிக் என்று முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் கதை எதற்கு? ஆகவே அந்த மனிதரைக் கொஞ்சம் நன்றாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அவருடைய உயரம்தான். எங்கள் வீட்டுக் கதவு நிலை தாழ்வு. வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் நங்கென்று இடித்துக்கொள்வார். அண்ணி சிரிப்பார். பிறகு அவர் பார்க்காமலே குனியப் பழகிவிட்டார். கையில் பெட்டியோடு, பேசிக்கொண்டே, சரியான இடத்தில் குனிந்து, சரியான இடத்தில் நிமிர்வார்.

எழுதி முடித்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். பார்க்காமலே குனியப் பழக வேண்டுமென்றால் எத்தனை தடவை வந்திருக்க வேண்டும்?

(அந்த மெஷினைப்போல் அடிக்கடி ரிப்பேர் ஆன மெஷினை நான் எங்கேயும் கண்டதில்லை. மெக்கானிக் காணாமல் போன பிறகு அது ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. இன்றும் ஓடுகிறது.)

இதை அடித்துவிட்டேன். அடித்ததை அண்ணியிடம் வாசிக்கவும் இல்லை. வேறு பத்தி ஒன்றை வாசித்தேன்:

"மிச்சத் துணியில் அவள் இரண்டு தலையணை உறைகள் தைத்தாள். அதில் தலை வைத்துத்தான் அவள் கணவன் கடைசியாக—"

"தப்பு" என்றார் அண்ணி.

"எது அண்ணி?"

"தலகாணி உறை. தைக்கறேன்னு சொன்னேன். தைக்கல."

"ஒரு சட்டைக்குத் துணி மிச்சம் இருந்துதே? அது என்ன ஆச்சு?"

அண்ணி ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டீ ஆறுது, குடி" என்றார்.

நான் டீயைக் குடித்தேன். எனக்கு வியர்த்துவிட்டது.

5

இனி இரண்டு முடிவுகள் எழுத வேண்டியிருக்கிறது.

முடிவு ஒன்று. தலையணை உறை வெறும் மறதி. குட்டையில் கிடந்தவன் அண்ணன். கொன்றது மெக்கானிக். முப்பது வருடமாக ஊர் நம்பியது சரிதான், நான் அழுததும் சரிதான்.

முடிவு இரண்டு. மிச்சத் துணியில் மூன்றாவது சட்டை ஒன்று உருவானது, ஓர் உயரமான மனிதனுக்கு. அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவரையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு பெட்டியைத் திறக்க வைத்தான். குட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பிறகு நகைகளோடு போயே போய்விட்டான். அங்கே கிடந்தவர் மெக்கானிக். தையலைத் திருப்பிப் பார்த்தபோது அண்ணிக்கு அது தெரியும். தெரிந்தே கணவன் என்றார். அப்படிச் சொன்னால்தான் அந்த மனிதருக்காக ஊரறிய அழ முடியும். எங்கள் வீட்டிலிருந்தே அவரை அனுப்பிவைக்க முடியும். உயிரோடு இருக்கும் புருஷன் இனி இந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டவும் முடியாது.*

* போலீஸ் உயரத்தை அளக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கட்டியவளே சொன்ன பிறகு எந்த இன்ஸ்பெக்டர் நாடாவை எடுப்பார்?

இரண்டாவதுதான் நல்ல கதை. ஞாயிற்றுக்கிழமைப் படங்களெல்லாம் அப்படித்தான் முடியும். அதுதான் உண்மை என்றால் எனக்கு அண்ணன் திரும்பக் கிடைக்கிறான். எங்கேயோ ஒரு ஊரில், நரைத்த தலையோடு, வாயில் தீக்குச்சியோடு. ஆனால் கொலைகாரனாகக் கிடைக்கிறான். வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது. ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை.

6

"என்ன, கதை நின்னுபோச்சா?" என்று அண்ணிதான் கேட்டார்.

இரண்டு முடிவுகளையும் வாசித்தேன். அண்ணி முகத்தை நிமிர்த்தவே இல்லை. இரண்டாவதைக் கேட்கும்போது மட்டும் ஊசி கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

"ஒரு ஓட்டை இருக்கு தம்பி" என்றார்.

"என்ன அண்ணி?"

"அவளுக்கு அந்த ஆள் மேல அவ்வளவு பிரியம்னு எழுதியிருக்க. அப்ப அவனப் போயி ஊரே கொலைகாரன்னு சொல்ல விடுவாளா?"

"அதான் எனக்கும் ஒதைக்குது."

"விடுவா" என்றார் அண்ணி. "செத்தவன் எதையும் தாங்குவான். இருக்கறவனாலதான் தாங்க முடியாது. நீ ஒருத்தனை மறந்துட்ட. அந்த வீட்டுல ஒரு தம்பி இருந்தானே, படிச்சுக்கிட்டு? அவன் உன் கதைல எங்க?"

"நான்... அவன் வெளியூர்ல இருந்தான்."

"பரீட்சை எழுதிட்டு வருவான். வேலைக்குப் போவான். வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி போலீஸ் வந்து விசாரிக்கும். செத்தவனோட தம்பின்னா பாவம்பாங்க. கொலைகாரனோட தம்பின்னா யாருடா வேலை குடுப்பா?"

முப்பது வருட உத்தியோகம். என் நாற்காலி, என் சம்பளம், இந்த மாடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டை கிடந்திருக்கிறதா? அண்ணி என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணி, நெசமா?"

"எது நெசமா? கதைதானே சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார் அண்ணி. எழுந்து உள்ளே போனார்.

7

திரும்பி வந்தபோது கையில் சட்டை. சாம்பல் நிறக் கட்டம். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தது. கேஸ் முடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கினாராம். இத்தனை வருடமும் அது கீழ் அறையில் இருந்திருக்கிறது, என் தலைக்கு நேர் கீழே.

"போட்டுப் பாரு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே."

"உடம்பு பத்தாது அண்ணி."

"வயிறுதான் வளர்ந்திருக்கு. கை அப்படியேதானே இருக்கு? கைய நீட்டு."

அளவு எடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் நீட்டினேன்.

இந்த வரியோடு என் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துவிட்டது. இனி உங்கள் பாடு. சட்டைக் கை என் மணிக்கட்டில் வந்து நின்றால், என் அண்ணன் மண்ணுக்குள் இருக்கிறான். விரல்களை மூடிக்கொண்டு தொங்கினால், அவன் எங்கேயோ இருக்கிறான், அவன் பெயர் சொல்லி நாங்கள் புதைத்தது வேறொருவரை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். துணி தோளைக் கடந்து, முழங்கையைக் கடந்து, மெல்ல இறங்குவது தெரிந்தது.

பிறகு அண்ணியின் விரல்கள். கையின் நுனியைப் பிடித்து ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு. நீளமாக இருந்ததால் மடித்தாரா? அண்ணன் எப்போதும் சுருட்டிவிட்டுக்கொள்வானே, அந்த ஞாபகத்தில் மடித்தாரா? கண்ணைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணி என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். "எழுது."