எந்தக் காலை மடக்கினார்

1

எனக்குச் சரியாக நினைவில்லை. இந்தக் கதையே அதனால்தான். கடிகாரக் கடை முன்னால், கண்ணாடிக்குள் பார்த்தபடி, அப்பா ஒரு காலை மடக்கி நின்றார். வலது கால் என்று எழுதினேன். அடித்தேன். திரும்பவும் வலது என்றே எழுதினேன்.

(எங்கள் எர்ஃபுர்ட் நகரத்தில் வயதானவர்கள் கால் வலித்தால் உட்கார மாட்டார்கள். வலி அடங்கும்வரை கடைக் கண்ணாடி முன் சாமான் பார்ப்பதுபோல் நிற்பார்கள். அப்பா ஃபோல்க்மார் முப்பத்தெட்டு வருடம் நடந்தே தபால் கொடுத்தவர். நின்ற கடைகளில் ஒன்றும் வாங்கியதில்லை.)

2

"இதய வால்வு சுருங்கிவிட்டால் மனிதன்..." வேண்டாம். கட்டுரை மாதிரி இருக்கிறது.

நேராகச் சொல்கிறேன். அப்பாவுக்கு எண்பத்து மூன்று. நெஞ்சைத் திறக்காமல், புது வால்வை மடித்துக் குழாய் வழியாக அனுப்ப வேண்டும். வழக்கமான வழி தொடை ரத்தக்குழாய். டாக்டர் ப்ரிங்க்மான் ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"இடது கால்ல போகவே முடியாது, அடைப்பு. வலதுல போகலாம், ஆனா குழாய் குறுகல், மட்டுமட்டாத்தான். கிழிஞ்சா ரத்தம் கொட்டும். தோள் வழியாவும் போகலாம். அதுல மூளைக்கு ஆபத்து கொஞ்சம் கூட. நடந்தா வலது கால் வலிக்குதா? வலிச்சா அந்தக் குழாயை நம்ப முடியாது, தோள்தான்."

"டாக்டரம்மா, நான் தபால்காரன். என் கால் ரெண்டும் அரசாங்கச் சொத்து. தோள்ல கை வைக்காதீங்க, பை சுமந்த தோள்."

"வலிக்குதா, இல்லையா?"

"இல்லவே இல்ல. வேணும்னா என் பொண்ணைக் கேளுங்க. ஹெட்டா, சொல்லும்மா."

3

இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர்...

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். முடிக்க முடியவில்லை.)

"வலிக்குது. கடிகாரக் கடைகிட்ட வலது காலைத்தான் மடக்கி நின்னாரு" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "வேவு பாத்தியாக்கும்" என்றார்.

4

ஒரு முடிவில் அவரை அறுவை மேசையிலேயே சாகவிட்டேன். இன்னொன்றில் ஆற்றங்கரை முழுக்க நடக்கவைத்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

தோள் வழியாகத்தான் போனார்கள். வால்வு நன்றாக வேலை செய்கிறது. சிகிச்சையின்போது மூளைக்குள் ஒரு சின்ன அடைப்பு. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயின.

வீட்டுக்கு வந்த அன்று சொன்னார்: "அன்னிக்கு நான் மடக்கினது இடது கால், ஹெட்டா."

உண்மையா, பழிவாங்கலா, தெரியவில்லை. வலதா இடதா, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

டாக்டர் ப்ரிங்க்மான் வேறு ஊருக்கு மாறிவிட்டார். கடிகாரக் கடையை மூடிவிட்டார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் சட்டைப் பொத்தான்களைக் காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன்.