பிணம் பேசக் கூடாது

கோவில்பட்டியை விட்டுச் சற்றுத் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்தக் கல்லூரியில் எதற்கும் ஒரு கமிட்டி உண்டு. தண்ணீர்ப் பானை வைக்க ஒரு கமிட்டி, பானை உடைந்தால் விசாரிக்க இன்னொன்று. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் நாடகம் போட்டால் கமிட்டி சும்மா இருக்குமா? மாசி மாதம் ஒரு வாரம் நகைச்சுவை நாடகங்கள் நடக்கும். நாடகக் கமிட்டித் தலைவர் பேராசிரியர் வேணுகோபால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிரதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, சிரிப்பு வருகிற இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'நகைச்சுவை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

பெண் வேஷமெல்லாம் கண்ணபிரானுக்கு. மாமியாரும் அவன்தான், மருமகளும் அவன்தான். இரண்டு பேரும் ஒரே காட்சியில் வர வேண்டியிருந்தால் ஒருத்தி காய்ச்சலாக உள்ளே படுத்துக்கொள்வாள். ஊரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

1999-ல் இசக்கிசெல்வி போய் நின்றாள், எனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்று. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். வீட்டில் ஆடுதான் பிழைப்பு. மேடையில் நின்று ஒரே ஒரு வசனமாவது பேசிவிட வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை.

கமிட்டி கூடியது. காலம் மாறிவிட்டது, பெண் மேடை ஏறலாம் என்று பெருந்தன்மையாகத் தீர்மானம் போட்டது. ஆனால் ஆண் நடிகர் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், பேசாமல் இருப்பது உத்தமம். சிரிக்கவே கூடாது, நகைச்சுவை நாடகத்தில் பெண் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நாடகத்தை இயக்கிய சமீர், மெயின் ரோட்டுச் செருப்புக்கடைக்காரர் மகன், தலையைப் பிய்த்துக்கொண்டான். அப்புறம் அவனுக்கே வெளிச்சம் வந்தது.

"இசக்கி, இத்தனை கண்டிசனுக்கும் ஒத்து வார வேசம் ஒண்ணுதான் இருக்கு. பொணம்."

"பொணமா?"

"நாடகம் பூரா மேடையிலேயே இருப்பே. கண்ணபிரானுக்குக்கூட அந்தக் கொடுப்பினை கிடையாது."

அவள் அழாமல் சரி என்றாள். கதை இதுதான்: செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தினால்தான் பிணத்தை எடுப்பார்கள். அதை யார் எடுத்துவருவது என்று அண்ணன்மார் மல்லுக்கட்டுகிறார்கள். ஒத்திகையில் இசக்கிசெல்வி மூச்சை அடக்கிக்கொண்டு பெஞ்சில் கிடந்தாள். கொசு கடித்தாலும் அசையவில்லை. கிடந்த கிடையில் எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வசனம் மறந்தவன் பிணத்தின் மேல் விழுந்து அழுவான். பிணம் மெல்ல எடுத்துக் கொடுக்கும். கமிட்டிக்கு இது தெரியாது.

வீட்டில், "முக்கியமான வேசம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நாடகத்துக்கு ஒரு கோடிச் சேலை வேண்டியிருந்தது. அம்மா வெள்ளைத்தாய் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்த அரக்குச் சேலையை இசக்கிசெல்வி சத்தமில்லாமல் கொண்டுபோய்விட்டாள். ஆட்டை விட்டுவிட்டு அம்மா எங்கே வரப்போகிறாள் என்று ஒரு தைரியம்.

அம்மா வந்துவிட்டாள். ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தெருப் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். திரை விலகியது. முகம் மூடிய பிணத்தைச் சுற்றி ஆண்பிள்ளைகளாகவே வந்து போனார்கள்.

"எம்புள்ள எப்பம் வருவா?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

மாமியாராக வந்த கண்ணபிரான், "பொறந்த வீட்டுக் கோடி வந்துட்டே!" என்று மார்பில் அடித்தபடி முகத்துணியை விலக்கி, சேலையை விரித்துப் பிணத்தின் மேல் போர்த்தினான். வெள்ளைத்தாய் முதலில் சேலையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஏலே, நிறுத்துங்கலே!"

அவள் மேடை ஏறியதை யாராலும் தடுக்க முடியவில்லை. "உசுரோட கெடக்குற புள்ளைக்கு எவன்லே கோடி போடுதது?"

கூட்டம் கைதட்டியது. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் வேணுகோபால் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இப்படியொரு பாத்திரத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை.

"அத்தே, இது நாடகம்" என்று கண்ணபிரான் ஆண்குரலில் கெஞ்சினான். வெள்ளைத்தாய் போட்ட அடியில் சவுரிமுடி தனியாகப் போயிற்று.

"எந்திரிட்டி! எந்திரி தாயீ!" வெள்ளைத்தாய் மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிக்காத இசக்கி!" பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து சமீர். வேணுகோபால் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

எழுந்தால் நாடகம் போச்சு. இனி இந்த மேடைப் பக்கமே வர முடியாது. அம்மாவின் கண்ணீர் கன்னத்தில் சொட்டியது. செத்துக் கிடக்க இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டோமே என்று இசக்கிசெல்விக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"அழாதம்மா. ஒரு மாசமா செத்துக் கெடந்து பழகுதேன். எந்திரின்னு ஒருத்தருகூடச் சொல்லலை. நீதாம்மா சொன்ன."

இசக்கிசெல்வி அண்ணன்மார் பக்கம் திரும்பினாள்.

"கோடி யாரு எடுக்கன்னு அடிச்சுக்கிடுதீங்களே, உசுரோட இருக்கையில ஒருத்தனாவது ஒரு சேலை எடுத்துத் தந்தீங்களாலே?"

பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. சிரித்தபடியே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணன்மார் பேச வேண்டியதையும் அவளே பேசினாள். வெள்ளைத்தாய் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முழுக்கக் கமிட்டி கூடியது. பரிசளிப்பு விழாவில் வேணுகோபால் அறிவித்தார். சிறந்த நடிகை: கண்ணபிரான், சவுரி விழும்வரை பிரதியை விட்டு விலகாமல் நடித்தமைக்காக. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கினான். அடுத்து ஒரு முக்கியத் தீர்மானம்: வரும் ஆண்டு முதல் பிணமாகவும் ஆண்களே நடிப்பார்கள்.

பெண்கள் வரிசையில் இசக்கிசெல்வி எழுந்தாள். மைக் இல்லை, அனுமதியும் இல்லை.

"சார், அந்தப் பொணத்துக்கு யாரு சொல்லிக் குடுப்பா? எப்பம் எந்திரிக்கணும்னு ஆம்பளையளுக்குத் தெரியாதே."