மாவடுத் தண்ணீரில் ஒரு கட்டி

புட்டியைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க மாவடு மணந்தது. என் உதவியாளர் தத்தா எட்டிப் பார்த்து, "அமலாதி, எடா ஆச்சார் நாகி?" என்றார். அமலா அக்கா, இது ஊறுகாயா என்று வங்காளத்தில் கேட்கிறார், அவர்மேல் தப்பில்லை. சிவந்த தண்ணீரில் கடுகுப்பொடி மிதந்தது. நடுவே, பூங்கோதையின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டி.

எதிரே அவள் கணவர் வேலாயுதம் நின்றார். கரியாஹாட் சந்தையில் அப்பளமும் ஊறுகாயும் விற்பவர். நர்சிங் ஹோமில் கட்டியை, கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்துத் தண்ணீரில் போட்டு இவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கல்கத்தாவில் அதுதான் வழக்கம். அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத் துர்கா பூஜைக்கு நாங்கள் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டோம். புட்டி இவர் வீட்டிலேயே தங்கிவிட்டது; அங்கோ கொலு.

"அந்தத் தண்ணி கண்ணக் கரிச்சுட்டு டாக்டரம்மா. சாமி வச்ச வீடுல்லா? கீழ ஊத்திட்டேன். கட்டி கெட்டுரக் கூடாதேன்னு மாவடுத் தண்ணிய ஊத்திக் கடையில வச்சேன். வருசம் முழுக்கக் கெடாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "புற்றுநோயான்னு பார்க்க வேண்டியதை ஊறுகாய் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்களே! இதுல இனிமே என்ன எழவு தெரியும்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. படியிறங்கிப் போனார்.

கண்ணாடித் தகட்டில் செல்கள் உப்பில் சுருங்கிக் கிடந்தன. ஆனாலும் கட்டியின் அமைப்பு கலையவில்லை. ஒரு துண்டு விடாமல் பார்த்தேன். இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை. எனக்கே அப்பாடா என்றிருந்தது.

ஆளனுப்பியதும் ஓட்டமாய் வந்த வேலாயுதத்திடம் சொன்னேன். மனிதர் நம்பவில்லை.

"நீங்கதான ஒண்ணும் தெரியாதுன்னிய? எம் மனசு நோகக் கூடாதுன்னு இப்பம் மாத்திச் சொல்லுதிய."

என் வாய்க்கு இது வேண்டும். "உங்க உப்பு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று வியாபாரத்தைப் புகழ்ந்தும் பார்த்தேன், மசியவில்லை. "பூங்கோதைட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் தோளைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தேன்.

"நீங்களே பாருங்க. ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

குனிந்தார்.

"தெரியுதா?"

"தெரியுது டாக்டரம்மா. நல்லாத் தெரியுது."

பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். இரண்டு கண்களையும் இறுக மூடி, உதடுகள் அசைய, அவர் மைக்ராஸ்கோப்பைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.