சிவப்புக் கோடு போட்ட டிரம்

விடிவதற்குள் பேபியின் விரல்கள் மண்ணெண்ணெயில் ஊறி வெளுத்துவிட்டன. திருமழிசைத் தொழில் எஸ்டேட்டின் கடைசி ஷெட் அது. மீன்பிடிப் படகுகளின் பின்னால் மாட்டுகிற மோட்டார்களைப் பிரித்துச் சரிசெய்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். உப்பும் கரியும் அப்பிய பிஸ்டன்களைத் தேய்த்துக் கழுவுவது பேபியின் வேலை. நகக்கண் வெடிப்புகளில் மண்ணெண்ணெய் இறங்கி எரியும். கழுவ மண்ணெண்ணெய் டிரம், அதில் சிவப்புக் கோடு. ஓட்டுவதற்குப் பெட்ரோல் டிரம், அதில் கோடு இல்லை.

அவள் புருஷன் கன்னியப்பன் இங்கே மூன்றாம் தொட்டியில் மோட்டார் ஓட்டியவன். பொங்கல் கழிந்த வாரம், முழு வேகத்தில் ஓடிய மோட்டாரில் பிஸ்டனைத் தாங்கும் இரும்பு ராடு உடைந்து, வெளிக்கூட்டைப் பிளந்து வந்து அவன் கழுத்தில் இறங்கியது. "தூக்கக் கலக்கத்துல கழுவுற டிரம்முலேர்ந்து மொண்டு ஊத்திட்டான்" என்றார் முதலாளி ராஜசேகரன், பிணம் ஷெட்டை விட்டுப் போகுமுன்பே. பிறகு இரக்கப்பட்டவர்போல, அந்த டிரம்முக்குப் பக்கத்திலேயே அவளுக்கு வேலையும் கொடுத்தார்.

இன்று வேலை குவிந்து கிடந்ததால் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பழைய மோட்டார்க் கூடுகளின் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தவளை யாரும் கவனிக்கவில்லை. ராஜசேகரன் டார்ச் பிடித்தார். சூப்பர்வைசர் கோதண்டம் ரப்பர் குழாயை வாய்வைத்து உறிஞ்சி, காறித் துப்பினான். சிவப்புக் கோட்டு டிரம்மிலிருந்து பெட்ரோல் டிரம்முக்கு மண்ணெண்ணெய் களகளவென்று இறங்கியது.

பேபி குவியலுக்குப் பின்னால் இன்னும் குனிந்தாள். ஒருநாள் சோறு தின்றுகொண்டே கன்னியப்பன் சொன்னது காதில் கேட்டது. "பெட்ரோலு நெதானமா எரியணும் பேபி. மண்ணெண்ண கலந்தா அதோட தரம், ஆக்டேன்னுவாங்க, எறங்கிடும். அப்பால உள்ள எவனோ குந்திகினு சுத்தியால அடிக்கிற மாதிரி கேக்கும். அத்தக் கேட்டா உடனே நிறுத்திடணும், இல்லாட்டி ராடு ஒடஞ்சிடும்."

ஆட்கள் வந்தார்கள். அவள் மறுபடி பிஸ்டனைத் தேய்க்கத் தொடங்கினாள். இரண்டு பிள்ளைகளும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தன. மூன்றாம் தொட்டிக்கு இப்போது தேவராஜ், கன்னியப்பனின் சித்தப்பா மகன். பெட்ரோல் மொள்ளப் போனவனைப் பார்த்து முதல் தொட்டியில் மோட்டார் ஓட்டும் வரதன் வழக்கம்போலக் கத்தினான்: "மோந்து பாத்து ஊத்து மாமே! கன்னியப்பன் மாதிரி ஊத்திக்கினு பூடாதே!"

சிரிப்பு எழுந்தது. ஷெட்டே மண்ணெண்ணெயாய் நாறும்போது எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? பேபி பிரஷ்ஷை இறுகப் பிடித்தாள்.

மோட்டார்கள் உறுமின. தொட்டித் தண்ணீர் நுரைத்துத் தளும்பியது. தேவராஜ் வேகத்தைக் கூட்டினான். கூட்ட, உள்ளிருந்து 'கணகண'வென்று ஒரு தட்டல். அவன் வேகத்தைக் குறைத்தான்.

"எவன்டா கொறைக்கச் சொன்னது?" கோதண்டம் பாய்ந்து வந்தான்.

"தட்டுது சார்."

"தட்டுனா தட்டட்டும். சரக்கெடுக்க லாரி வந்துடும். வேகத்த ஏத்துடா!"

"உனுக்கின்னா, தள்ளி நிக்கிற. நான்தான இது மேல குனிஞ்சிகினு கீறேன்?"

"பயந்தாங்கொள்ளி! பொடவை கட்டிகினு ஊட்டுல கெட."

தேவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினான். தட்டல் கடகடத்தது. பேபி எழுந்தாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் ஓடும் மோட்டாரைத் தொடக் கூடாது என்பது அந்த ஷெட்டின் சட்டம். ஈரக் கையோடு மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் இருமி அடங்கியது.

"என்னடி திமிரா?" ராஜசேகரன் அறையிலிருந்து வந்தார். "வேலை போட்டுக் கொடுத்தா தலைமேல ஏறுவியா?"

"எம் புருஷன் மாத்தி ஊத்தலை. காசு மிச்சம் புடிக்க நீதான் கலந்த. இன்னிக்கும் கலந்த. நீ டார்ச்சு புடிச்ச, இவன் கொழாய உறிஞ்சினான். பாத்துகினுதான் இருந்தேன்."

"பொய்! பைத்தியக்காரி."

"பொய்யா? கிட்ட போயி அவன் வாய மோந்து பாரு."

கோதண்டம் சட்டென்று வாயைப் புறங்கையால் துடைத்தான். அவ்வளவுதான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் தொட்டியில் வரதன் மோட்டாரை அணைத்தான். இரண்டாவது அணைந்தது. அடுத்தடுத்து எல்லாம் அடங்கின. பகலில் அத்தனை அமைதியை அந்தச் சுவர்கள் கேட்டதே இல்லை.

"ஓட்டுறவன் ஓட்டு. இல்லாதவன் வெளிய போ. ஆளா கிடைக்காது?" என்று கத்திய ராஜசேகரன், கோதண்டத்திடம் குரலைத் தாழ்த்தினார். "அந்த டிரம்மைப் பின்பக்கம் உருட்டு."

கோதண்டம் நகர்வதற்குள் வரதன் டிரம்மில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். "பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து சாம்பிள் எடுக்கிற வரிக்கும் இது இங்கதான் கீது. தொட்டா தெரியும்."

"இன்ஸ்பெக்டர் என் சிநேகிதன்டா!"

"வரட்டும். உன் சிநேகிதனும் மோந்து பாக்கட்டும்."

தேவராஜ் உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக டிரம்மைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராஜசேகரன் மெயின் சுவிட்சை இழுத்தார். மின்விசிறிகள் நின்றன, தகரக் கூரையின் வெக்கை இறங்கியது. வரதன் பேபியை நிமிர்ந்து பார்க்க முடியாமல், தோள் துண்டால் பக்கத்துத் தரையைத் துடைத்தான்.

"குந்து அண்ணி. கன்னியப்பண்ணன் குந்த வேண்டிய எடம் இது."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.